புஷ்பவதியின் கஞ்சித் தண்டனை

புஷ்பவதியை நான் முதலில் கண்டது நீதிமன்றக் கூண்டில். இடுப்பில் பால்குடிக் குழந்தை, முகத்தில் துளி பயமில்லை. அன்புவழிபுரத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சி மறுபடியும் பிடிபட்டிருந்தாள். சண்டைக் காலம், கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவள் எதைத் தின்று பிள்ளைக்குப் பால் கொடுப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே தள்ளினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற நாடு இது.

நான் ஓர்ஸ் ஹில்லில், குற்றவாளிகளைப் பொறுப்பேற்கும் சீர்திருத்தக் கந்தோரில் உத்தியோகத்தன். சிறைக்குப் பதிலாகப் பொதுவேலை கொடுக்கலாமே என்று கேட்டேன். நீதவான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் சிறைதான்," என்றார்.

மூதூரிலிருந்து ஓடிவந்த முஸ்லிம் குடும்பங்கள் அப்போது நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்தன. அந்த அகதி முகாமைப் பார்த்துக்கொண்ட ஸல்ஹா, புஷ்பவதியை அங்கே வேலைக்கு விடலாமா என்று நான் கேட்டதும் கொதித்துப்போனார்.

"கசிப்புக் காய்ச்சின பொம்புளையா? நோன்பு மாசத்தில இதென்ன கதை, சேர்?"

"கக்கூஸ் கழுவட்டும்," என்று கெஞ்சினேன்.

"சரி. ஆனா சமைக்கிற குசினிக்குள்ள வரப்படாது."

புஷ்பவதி கழுவினாள். வாயும் சும்மா இருக்கவில்லை. "மறியலுக்குப் போயிருந்தாலும் இதைத்தானே கழுவியிருப்பன், ஐயா. இஞ்ச எண்டால் பிள்ளை பக்கத்தில கிடக்குது."

ஒருநாள் பின்னேரம் நான் மேற்பார்வைக்குப் போனபோது முகாமே கலங்கிப்போயிருந்தது. சமையல்காரருக்குக் காய்ச்சல். பெண்கள் வைத்த நோன்புக் கஞ்சி அடிப்பிடித்துப் புகை மணத்தது. விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத சனம் முற்றத்தில் காத்திருந்தது.

"கிண்டாதேங்கோ! அடி கலந்திடும்!" என்று கத்திக்கொண்டு புஷ்பவதி குசினியை நோக்கி ஓடினாள்.

"நில்லுங்கோ, புஷ்பவதி! மறியலுக்குப் போகவேண்டி வரும்!" என்று நானும் கத்தினேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கையைக் கழுவினாள், எரிகிற விறகை வெளியே இழுத்தாள், கருகாத கஞ்சியை வேறு கிடாரத்துக்கு மாற்றினாள், தேங்காய்ப் பால் விட்டு மெல்லிய நெருப்பில் வைத்தாள். நெருப்பை அடக்குவது அவளுக்குப் பழகிய வேலைதானே. நோன்பு திறக்கப் பாங்கு சொன்னபோது கஞ்சி தயார். யார் காய்ச்சியது என்று தெரிந்த பிறகும், இன்னொரு கோப்பைக்கு நீட்டிய கையை எவரும் இழுத்துக்கொள்ளவில்லை. ஸல்ஹா மட்டும் குசினி வாசலில் நின்று புஷ்பவதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கின் அடுத்த தவணைக்கு ஸல்ஹா பெண்கள் கூட்டத்தோடு நீதிமன்றம் வந்திருந்தார். குசினிக்குள் புகுந்ததற்கு முறைப்பாடுதான் என்று நினைத்தேன். புஷ்பவதி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"முறைப்பாடா?" என்றார் நீதவான்.

"ஓம், ஐயா. இவட தண்டன முடியப்போகுதாம். இவ இல்லாம எங்களுக்கு ஏலாது. இன்னும் மூணு மாசம் போட்டுத் தாங்க!"

நீதவான் வாய்விட்டுச் சிரித்தார். "குற்றம் இல்லாமல் தண்டனை போட ஏலாது, அம்மா."

"அப்ப சம்பளம் போடச் சொல்லுங்கோ, ஐயா!" என்றாள் புஷ்பவதி கூண்டிலிருந்து.

முகாம் சமையலுக்கென்று அவளுக்குச் சம்பளமும் பின்னால் வந்தது. நீதிமன்றத்தில் அன்றைக்கே, சிறைக்குப் போகவிருந்த நால்வரை நீதவான் பொதுவேலைக்கென்று என்னிடம் ஒப்படைத்தார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. நால்வரையும் நேரே முகாமுக்குக் கூட்டிப்போனேன். முன்னமே திரும்பியிருந்த புஷ்பவதி அகப்பையோடு குசினி வாசலில் நின்று அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குசினிக்குள்ள வரப்படாது," என்றாள். "முதல்ல கக்கூஸ்."