தப்பு டீச்சர்

குழந்தைகள் வார்டுக்கு ஒரு டீச்சர் வரப்போகிறார் என்று சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் மாதக்கணக்கில் எங்களிடம்தான் கிடப்பார்கள். பக்கத்தில் ஒருவர் தும்மினாலும் அவர்களுக்கு ஆகாது. வாசலில் நின்று வருகிறவர்களைக் கை கழுவ வைத்தே என் ஆயுசில் பாதி கரைந்துவிட்டது. இதில் சாக்பீஸ் தூளும் அழுக்குப் புத்தகமுமாக ஒருவர் கட்டில் கட்டிலாக உலாவப் போகிறார் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

வந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தொடும் வயது. குட்டை உருவம், உரத்த குரல். நான் வாயைத் திறப்பதற்குள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி முடித்துவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையையும் மார்க்கரையும் எடுத்துக் காட்டினார். காகிதமே கிடையாது, ஒரு பிள்ளை தொட்ட பலகையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் அடுத்த பிள்ளையிடம் கொடுக்க மாட்டேன், போதுமா சிஸ்டர் என்றார். குறை சொல்ல எனக்கு ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் விரும்பி வந்தவர் இல்லை. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நிர்வாகத்தில் செல்வாக்கான ஒருவருடைய மகனைக் கூசாமல் ஃபெயிலாக்கினார். மேலே இருந்தவர்கள் நயமாகச் சொல்லிப் பார்த்தார்கள், பயமுறுத்தியும் பார்த்தார்கள். ஆள் அசைந்து கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க யாருமே முன்வராத நேரம் அது. அந்த வேலையை இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் வார்டில் பாடம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வந்து சேருகிற பிள்ளைகளுக்கு முடி கொட்டுவதற்கு முன்பே படிப்பு கொட்டிப் போயிருக்கும். பெற்றவர்களே புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். இந்த உடம்போடு படித்து என்ன கிழிக்கப் போகிறது, நிம்மதியாக டிவி பார்க்கட்டும் என்பார்கள். ஒருமுறை சேவை செய்ய வந்த சிலர் சுவரில் ஓர் அட்டை மாட்டி, ஒரு பக்கம் படித்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டுவோம் என்றார்கள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு படித்தன. எனக்கும் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு நட்சத்திரம் தீர்ந்துபோனது. அன்றைக்கே புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன.

டீச்சர் நட்சத்திரம் ஒட்டவில்லை, மிட்டாய் கொடுக்கவில்லை, சபாஷ்கூடச் சொல்லவில்லை. ஒரு கணக்கைக் கொடுப்பார். விடை தவறாக இருந்தால் அதன் மேல் ஒரு தப்புக் குறி போடுவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். "எங்கன்னு நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து இன்னொரு பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளை அந்தத் தப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் பார்க்கும். திடீரென்று வார்டின் மூலையிலிருந்து ஒரு கத்தல் கேட்கும், கண்டுபிடித்துவிட்டேன் என்று. டீச்சர் போய்ப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒரு டிக், அவ்வளவுதான். அந்த ஒரு டிக்குக்காகப் பிள்ளைகள் தவம் கிடந்தன. அவருக்குத் தப்பு டீச்சர் என்று பெயர் வைத்ததும் பிள்ளைகள்தான்.

வாயாடி வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். பத்து வயதுப் பெண். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது, பொருத்தமான பெயர். ஊசி போடும்போதும் வாய் ஓயாது. அவளுடைய அப்பா பெயின்டர். நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் பெயின்ட் போகும்வரை வாசலில் நின்று தேய்க்கச் சொல்லி அவரோடு நான் தினமும் மல்லுக்கு நிற்பேன். அம்மா வீட்டில் இவளுடைய தம்பியைப் பார்த்துக்கொண்டார்.

அந்தத் தம்பிதான் அவளுக்குப் பெரிய கவலை. அவள் ஐந்தாம் வகுப்பு, அவன் நான்காம் வகுப்பு. இந்த வருஷம் வீணாகப் போனால் இருவரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். நோயைப் பற்றி அவள் அழுது நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லி ஒருநாள் குமுறிக் குமுறி அழுதாள். "அவன் மூக்கைத் துடைச்சு விட்டதே நான்தான் சிஸ்டர். அவன் பக்கத்துல போய் நான் உக்காரணுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. பரீட்சையை இங்கிருந்தே எழுதலாம், பள்ளிக்கூடத்தில் நான் பேசுகிறேன், ஆனால் சும்மா பாஸ் போட மாட்டேன் என்றார்.

முதல் வாரம் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். வாயாடி மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். தப்பு விழுந்தது. அன்று முழுக்க டீச்சரோடு சண்டை. மறுநாள் காலை நான் காய்ச்சல் பார்க்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், அஞ்சுல ரெண்டு அரையை விடக் கம்மி. கூட்டினா எப்படிக் குறையும்?" என்றாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, அந்த டீச்சர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அதன்பிறகு பின்னக் கணக்கில் அவள் ஒரு தப்புகூட விட்டதில்லை.

பிறகுதான் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. ஒழிந்தது என்று நாங்கள் நினைத்த நோய் திரும்பியிருந்தது. டாக்டர் பெயின்டரை உட்கார வைத்துச் சொன்னார். இன்னொரு மருந்து இருக்கிறது, கடுமையானது, நம்பிக்கை கொஞ்சம்தான். பெயின்டர் முகத்தில் ஈயாடவில்லை. எதுவானாலும் செய்யுங்கள், பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கும்பிட்டார். அப்படியே வார்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்தோம்.

மறுநாள் முதல் எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். முன்பு சைக்கிள் கேட்டதற்குக் கத்திய அப்பா, தானாகவே சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றார். கூடவே அவள் உயரத்துக்கு ஒரு பொம்மை வந்தது. சாப்பாட்டை மிச்சம் வைத்தாலும் யாரும் அதட்டவில்லை, நான்கூட. அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அந்தப் பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் மதியம் டீச்சர் அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவளே ஒரு கணக்கைக் கேட்டு வாங்கினாள். அரையும் மூன்றில் ஒன்றும். எழுதிவிட்டுப் பலகையை நீட்டினாள். நான் பக்கத்துக் கட்டிலில் மருந்துப் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன், நன்றாகத் தெரிந்தது. ஐந்தில் இரண்டு. டீச்சர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஒரு டிக் போட்டு, அவள் மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

வாயாடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு பலகையைத் தொடவில்லை. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்பினாள். புது மருந்தை ஆரம்பிக்க வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும், அவளோ ஒரு வாய்கூட உள்ளே இறக்க மாட்டேன் என்கிறாள். கெஞ்சினோம், மிரட்டினோம். எங்கள் பாச்சா எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்னதான்டி உனக்கு என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"வேணும்னுதான் தப்பா எழுதினேன் சிஸ்டர். எல்லாரும் நல்லவங்களா ஆயிட்டீங்க. டீச்சர் மட்டும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன். அவங்களும் சரின்னு போட்டுட்டாங்க. அப்ப நான் சாகப் போறேன், இல்ல?"

எழுந்து போய் மருந்து அறையில் இருந்த டீச்சரிடம் அப்படியே சொன்னேன். அவர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் கேட்ட ஒரே கேள்விக்கு நான் உங்களையெல்லாம் பார்த்துக் காப்பி அடித்து விடை எழுதிவிட்டேனே சிஸ்டர் என்றார். பிறகு முகம் கழுவினார், கை கழுவினார், பலகையை எடுத்துக்கொண்டு நேராக அவள் கட்டிலுக்குப் போனார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம், அது என் வேலையும்கூட. நான் தடுக்கவில்லை.

டீச்சர் பலகையில் அந்தக் கணக்கை எழுதினார். பக்கத்தில் ஐந்தில் இரண்டு என்று எழுதி, அதன் மேல் தான் போட்ட அதே டிக்கையும் போட்டார். மார்க்கரை அவளிடம் நீட்டினார்.

"நான் திருத்தினது சரியான்னு நீ பாரு."

வாயாடி வெகுநேரம் திரும்பவில்லை. டீச்சரும் கையை மடக்கவில்லை. கடைசியில் அவள் எழுந்து உட்கார்ந்து, அந்த டிக்கின் மேல் பலகை முழுக்க ஒரு பெரிய தப்புப் போட்டாள்.

"எங்க தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார் டீச்சர்.

"எங்கன்னு நீங்களே கண்டுபிடிங்க."

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "உனக்கு நோய் திரும்ப வந்திருக்கு. அதைக் கேட்டுப் பயந்துட்டேன். பயத்துல உன்னைப் படிக்கிற புள்ளையா பாக்காம விட்டுட்டேன். அங்கதான் தப்பு."

"நான் செத்துடுவேனா?"

"தெரியல. டாக்டருக்கும் தெரியல. இன்னொரு மருந்து இருக்கு, ரொம்பப் படுத்தும். விடை தெரியாத கணக்குக்கு நான் சரியும் போட மாட்டேன், தப்பும் போட மாட்டேன்."

வாயாடி பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, பரீட்சைக்கு இன்னும் எத்தனை பாடம் பாக்கி என்று கேட்டாள். அன்று சாயங்காலம் மாத்திரையை விழுங்கிவிட்டு, என்னிடம் வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

விஷயம் தெரிந்ததும் பெயின்டர் ஆடித் தீர்த்துவிட்டார். இந்தப் பொம்பளைக்குப் பிள்ளைப் பாசம் என்றால் என்னவென்று தெரியுமா என்று வராந்தாவே அதிரக் கத்தினார். டாக்டரும் டீச்சரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். டீச்சர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாளும் வந்தார். அதன்பிறகு வெகுநாள் பெயின்டர் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் வாசலை ஒட்டியே நிற்பார். உள்ளே மகள் டீச்சரோடு சண்டை போடும் சத்தத்தைக் கேட்டபடி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மருந்து அவளைப் பாடாய்ப் படுத்தியது. உட்கார முடிந்த நாளெல்லாம் படித்தாள். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையைக் கட்டிலிலேயே எழுதி, கொசுறு மார்க் எதுவும் இல்லாமல் பாஸானாள். தம்பிக்கு அந்தச் செய்தியை அவளேதான் போனில் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

பிறகு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் டீச்சரிடம் கணக்குக் கேட்டாள். அவர் ஒரு சுவர்க் கணக்குக் கொடுத்தார். பன்னிரண்டு அடி நீளம், பத்தடி உயரம், நடுவில் நான்கடிக்கு மூன்றடியில் ஒரு ஜன்னல். எத்தனை சதுர அடிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்? அவள் மெதுவாக எழுதினாள். நூற்றிருபது. டீச்சர் மார்க்கரைத் திறந்தார். கோடு கோணலாகத்தான் விழுந்தது, ஆனாலும் தப்புப் போட்டார். வாயாடிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது.

"நாளைக்குக் கண்டுபிடிச்சுடுவேன். யாரும் துடைக்கக் கூடாது. சிஸ்டர், உங்களையும்தான் சொல்றேன்."

விடிவதற்குள் மூச்சு மோசமாகி அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். அங்கிருந்து அவள் திரும்பி வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பெயின்டர் அவளுடைய சாமான்களை எடுக்க வந்தார். நான் சொல்லாமலே வாசலில் நின்று நகத்தைத் தேய்த்துக் கழுவினார். பொம்மை, செருப்பு, தண்ணீர் பாட்டில். கட்டில் கம்பியில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். டீச்சர் எதிர்க் கட்டிலில் ஒரு பிள்ளையோடு இருந்தார். பெயின்டர் அவரிடம் போனார். நான் சண்டை வரப்போகிறது என்று நினைத்து எழுந்தேன்.

"கடைசியா எழுதினதா டீச்சர்?"

"ஆமா."

"தப்பா?"

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் கடவுள்கூடக் கணக்கில் வைத்திருக்க மாட்டார்.

"தப்புதான்" என்றார். பிறகு எங்கே என்று சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லாதீங்க" என்றார் பெயின்டர். "நானே பாக்கறேன்."

மகளின் கட்டிலில் போய் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கச் சுவர்களை அளந்தவர் அவர். ஆனாலும் கண்ணீர் மறைத்துக்கொண்டே இருந்ததால் வெகுநேரம் பிடித்தது. திடீரென்று தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"ஜன்னலைக் கழிக்கல டீச்சர். எம்பொண்ணு ஜன்னலுக்கும் சேத்துப் பெயின்ட் அடிச்சுட்டா."

டீச்சர் எழுந்து வந்து மார்க்கரைக் கொடுத்தார். பெயின்டர் பன்னிரண்டைக் கழித்து, கீழே நூற்றெட்டு என்று எழுதினார். டீச்சர் அதை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

அந்தக் கட்டிலுக்கு ஒரு புதுப் பிள்ளை வெளியே காத்திருந்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினேன்.