இறைகூடையின் எதிர்ப்பக்கம்

இறைகூடைக்கு இரண்டு பேர் வேண்டும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஒரே ஆள் அதை ஆட்ட முடியாது. பனை நாரால் பின்னி, அடியில் தார் பூசிய அகல வாய்க் கூடை அது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கயிறு, கயிற்று நுனியில் கைக்கு அடக்கமாக ஒரு மரக்கட்டை. வாய்க்காலின் இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருத்தி நின்று, குனிந்து கூடையை முக்கி, பின்னால் சாய்ந்து தூக்கி, மேட்டிலிருக்கும் உப்புப் பாத்திக்குள் வீச வேண்டும். இருவரும் சேர்ந்து குனிந்து சேர்ந்து நிமிர வேண்டும். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் தண்ணீர் வழியிலேயே சிந்திவிடும், கயிறு உள்ளங்கையை உரித்துவிடும்.

மரக்காணத்து உப்பளத்தில் எழுபதுகளில் ஆறு வருஷம் நான் அந்தக் கூடையை இழுத்தேன். அதைப் பற்றி யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இடுப்பு விட்டுப்போகும் வேலை. உள்ளங்கைப் புண்ணில் உப்புத்தண்ணீர் படும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவினால் காலையில் மறுபடியும் பிளக்கும். மண்ணெண்ணெய் டின்னை அறுத்துக் கூடைக்குப் பதிலாகக் கட்டிப் பார்த்தார்கள். உப்புத்தண்ணீருக்கு முன்னால் தகரம் எம்மாத்திரம்? அடுத்த மழைக்குள் அடி ஓட்டையாகிவிட்டது. மறுபடியும் பனங்கூடைதான்.

என் எதிர்ப்பக்கம் நின்றவள் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். உயரம் பொருந்தினால்தான் கூடை கோணாமல் வரும் என்று மேஸ்திரி எங்களை ஜோடி சேர்த்துவிட்டார். ஒரே வீடுதான், நடுவில் ஒரு சுவர், இரண்டு அடுப்பு. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் சண்டை வந்தது ஒரு பித்தளைக் குடத்தால்.

என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த குடம் அது. கழுத்தில் என் பெயர் வெட்டியிருந்தது. நான் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாள், அவள் அதில் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய்விட்டாள். உப்புக்காற்று பட்டால் பித்தளை பச்சை பூக்கும். எழுந்து பார்த்தபோது குடம் தேமல் விழுந்த முகம் மாதிரி இருந்தது.

"என் குடத்த ஏங்க்கா எடுத்தீங்க?"

"உன் குடம்னு எழுதி வச்சிருக்குதா?"

"எழுதித்தான் வச்சிருக்குது. படிக்கத் தெரிஞ்சா படிச்சிப் பாருங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் எட்டாவது வரை படித்தவள், அவள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அந்தத் திமிர் என்னிடம் எப்போதும் உண்டு. அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உள்ளே திரும்பினாள். நான் விடவில்லை. "புள்ள குட்டி இருந்தாத்தானே ஒரு பொருளப் பாத்து வச்சிக்கணும்னு தோணும்" என்றேன். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அவள் அப்படியே உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு எதுவுமே பேசவில்லை.

கூடை மட்டும் நிற்கவில்லை. அது எப்படி நிற்கும்? பாத்தி காய்ந்துவிடுமே. காலையில் நாலு நடை, நடைக்கு ஐநூறு கூடை. அவள்தான் எண்ணுவாள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு எண், சத்தமாக. நூறு வந்ததும் நான் "ஆச்சு" என்பேன், கரையில் ஒரு கிளிஞ்சலை எடுத்து வைப்பேன். ஒரு நாளைக்கு எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் அவள் எண்ணிக்கை அதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

தவக்காலத்தில் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது இதைச் சாமியாரிடம் சொன்னேன். "இன்னைக்கே போய்ப் பேசிடும்மா" என்றார். சரிங்க சாமி என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கயிற்றைப் பிடித்தபோது வாய் திறக்கவில்லை. அவளே முதலில் பேசட்டும் என்றிருந்துவிட்டேன். தப்பு செய்தவளுக்குத்தான் வீறாப்பு அதிகம்.

அந்த வருஷம் கோடையில் எனக்கு நாள் தள்ளிப்போனது. அம்மா வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா என் காதோரம் குனிந்து, "மூணு மாசம் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லாத. முக்கியமா உன் ஓரகத்திக்குத் தெரியவே கூடாது. புள்ளயில்லாதவ கண்ணு பொல்லாத கண்ணு" என்றாள். எட்டாவது படித்த நான் அதை நம்பினேன். வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் வாயையும் அடைத்தேன். வேலையை விடலாம் என்றால், ஜோடி உடைந்தால் ஏன் என்று மேஸ்திரி கேட்பார், விஷயம் வெளியே வந்துவிடும். மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் நின்றுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆகவே வழக்கம்போலப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடைக்குப் போனேன். குமட்டினால் இருமுகிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கஞ்சிக்குக் கருவாடு கொண்டுபோவதை நிறுத்தினேன். எதிரே நின்று ஒரு காலைக்கு இரண்டாயிரம் தடவை என் முகத்தைப் பார்க்கிறவளிடம் இதையெல்லாம் மறைத்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் அவள் "நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது" என்று எண்ணிக்கொண்டே வந்து, அடுத்த வீச்சுக்கு "அறுவது" என்றாள். வெயிலில் தடுமாறிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நூறிலும் ஒரு பத்தைக் காணோம். மறுநாளும் அப்படியே. மனதுக்குள் நானே எண்ணிப் பார்த்தேன். நூறு என்று அவள் சொல்லும்போது தொண்ணூறுதான் ஆகியிருந்தது.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. உடம்பு வணங்காமல் ஏமாற்றுகிறாள் என்று தோன்றியது. பாத்தியில் தண்ணீர் குறைந்தால் மேஸ்திரியிடம் பேச்சு வாங்குவது இருவரும்தானே. மூன்றாம் நாள் அவள் அறுபதுக்குத் தாவியதும் நான் கூடையை நிறுத்தாமலே, "அம்பது!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அம்பத்தொண்ணு" என்றாள். பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்வதானால், அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. ஒவ்வொரு நூறிலும் எங்காவது ஒரு பத்தை விழுங்குவாள். நான் விடாமல் அதைத் திரும்ப எடுத்து வைப்பேன். என் கவனம் தப்பிப் போனது பாதிதான் இருக்கும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாலு நடை முடிந்து நான் கொட்டகை நிழலுக்கு வந்த பிறகும் அவள் மட்டும் பின்தங்கி, மண்குடத்தால் வாய்க்காலில் மொண்டு மொண்டு பாத்தியில் ஊற்றிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "மேஸ்திரிகிட்ட நல்ல பேர் வாங்கறாங்க உங்க அண்ணி" என்றேன். "அவங்க அப்படிப்பட்டவங்க இல்லியே" என்றார் அவர். அண்ணியை விட்டுக்கொடுப்பாரா என்று அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

கடைசியில் மேஸ்திரி காதுக்கே போய்விட்டது. கரையில் நின்று ஒரு நடை முழுக்கக் கேட்டார். "என்னம்மா, எண்ணிக்கை மறந்துபோச்சா?" என்று அவளைக் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். "அப்ப படிச்ச பொண்ணு, நீயே எண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் எண்ணினேன். ஒன்று விடாமல் எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, நாலு பாத்திக்குக் கேட்கிறமாதிரி. அந்த நாட்களில் கயிறு என் பக்கம் லேசாக வந்தது. அவள் காலை அகட்டி, கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, கூடையைத் தன் பக்கமாகச் சாய்த்து இழுத்தாள். கூடையில் பாதிக்கு மேல் அவள் தூக்கினாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு வேலை படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனை நாள் அப்படிப் போனது என்று சரியாக நினைவில்லை, பத்துப் பன்னிரண்டு இருக்கும். மூன்றாவது நடையில் முந்நூற்றுச் சொச்சம் எண்ணிக்கொண்டிருந்தேன். அடிவயிற்றில் யாரோ கையை விட்டுப் பிழிந்த மாதிரி இருந்தது. கட்டை கையிலிருந்து நழுவியது. கூடை வாய்க்காலில் விழுந்து சாய்ந்தது. குனிந்து பார்த்தேன், கெண்டைக்காலில் ரத்தம்.

அவள் வாய்க்காலைச் சுற்றி வரவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நேராக வந்தாள். என்னைப் பிடித்து வரப்பில் படுக்கவைத்து, தன் தலைத்துணியை அவிழ்த்து என் காலைத் துடைத்தாள். அங்கிருந்தவர்களிடம் வண்டி கட்டச் சொல்லிக் கத்தினாள். பிறகு என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு மூணு மாசம் ஆகப்போவுது" என்றேன்.

"தெரியும்டி. நீ குனியற தினுசு மாறின அன்னைக்கே தெரியும். இடுப்ப வளைக்காம முட்டிய மடக்க ஆரம்பிச்ச. கயிறு எனக்குச் சொல்லாதா?"

"அப்ப ஏங்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? நான் வாயத் தொறந்தா கண்ணு வச்சிட்டான்னு ஆயிடாதா?" அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான் பத்து பத்தா முழுங்கினேன். அந்தக் கொறையக் கொடத்தால ஊத்தி சரிகட்டிட்டேன். நீதான் எடுத்து எடுத்து வச்சிட்ட."

வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தேன். பிள்ளை தங்கவில்லை. "இது நீ எறச்சதாலதான்னு சொல்ல முடியாது, தங்காதது தங்காது, மனச விட்டுடாத" என்று டாக்டரம்மா சொன்னார். அப்படியும் இருக்கலாம். நான் ஒரு நாளும் அதை நம்பியதில்லை. சத்தமாக எண்ணிய ஒவ்வொரு எண்ணும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அம்மா வந்தாள். பாயில் கிடந்த என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "நான் அப்பவே சொன்னேனே! எதிரே நிக்கறவ கண்ணு கொன்னுடுச்சே எம் பேரப்புள்ளய!" என்றாள். அப்போது ஓரகத்தி எனக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். துணியால் சட்டியைப் பிடித்திருந்தாள், ஆவி பறந்தது.

ஒரு வார்த்தை போதும். "அம்மா, அவங்க என்னக் காப்பாத்தப் பாத்தாங்க" என்று சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் எதிலிருந்து காப்பாற்றினாள் என்று அம்மா கேட்பாள். எண்களை எடுத்து வைத்தது நான் என்று சொல்ல வேண்டும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் சட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

தெரு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. வளைகாப்புக்கும் பெயர் வைக்கிறதுக்கும் அவளைக் கூப்பிடுவது நின்றது. எதிர்வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள்கூட அவளைக் கண்டால் உள்ளே எழுந்து போனாள். என்னோடு அவள் நன்றாகவே பேசினாள். குழம்பு கொடுத்தாள், வாங்கினாள். நாங்கள் மறுபடியும் கூடைக்குப் போனோம், எதிரும் புதிருமாக நின்றோம். அன்று வரப்பில் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லிக் காட்டவில்லை. ஒரு நாளாவது திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். இந்தத் தடவை முதல் மாதமே அளத்திலிருந்து நின்றுவிட்டேன். ஞானஸ்நானத்தன்று கோயிலில் சொந்தக்காரர்கள் கூட்டம். பிள்ளை ஒவ்வொரு மடியாக மாறிக்கொண்டிருந்தான். ஓரகத்தி கடைசித் தூணோரம் தனியாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளையை வாங்கி, அவளிடம் கொடுப்பதற்காக எழுந்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.