கிள்ளான் மேசைக்கு நான் அனுப்பியவன்

சுப்பையாவை நான்தான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். இத்தனை காலம் எவரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே அவனுக்கு ஒரு தையற்கடை. சொந்த இயந்திரம் வைத்திருந்தான். நான் ரயில்வே அலுவலகத்தில் கிராணி, கணக்கு எழுதுபவன். சனிக்கிழமை மாலைகளில் அவன் கடையின் பின்னறையில் ஐந்தாறு பேர் கூடிப் போக்கர் ஆடுவோம். சிறு பந்தயம், தோற்றால் ஒரு நாள் கறிச்செலவு போகும், அவ்வளவே.

சீட்டுப் பணத்தை நான் வீட்டுப் பணத்தோடு கலந்ததில்லை. ஒரு மேசையில் உட்கார ஆகும் தொகையைப் போல் இருபது மடங்கு சேராமல் அந்த மேசைக்கு ஏற மாட்டேன். பாதி கரைந்தால் பழைய மேசைக்கே இறங்கிவிடுவேன். நல்ல ஆட்டக்காரனுக்கும் விடாமல் கெட்ட சீட்டு விழும் காலம் உண்டு. அதைத் தாங்கத்தான் இந்த ஏற்பாடு. சுப்பையாவுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை.

அந்நாளில் கிள்ளானில் அரிசி வியாபாரிகள் ஆடும் பெரிய மேசை ஒன்று இருப்பது என் காதுக்கு எட்டியது. பந்தயம் எங்களுடையதைப் போல் பத்து மடங்கு. என்னிடம் போதிய பணம் சேர்ந்திருந்தது. ஆனாலும் பயம்... அங்கே ஒன்றுக்கும் ஆகாத சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டுபவன் யார்? நல்ல சீட்டு வந்தால் மட்டும் பணம் போடுபவன் யார்? இதையெல்லாம் என் காசு போகாமல் அறிய விரும்பினேன்.

ஒரு நாள், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சுப்பையாவிடம் சொன்னேன்:

"உன் ஆட்டத்துக்கு இந்த மேசை பத்தாதுப்பா. கிள்ளானுக்குப் போயேன்."

அவன் ஊசியை நிறுத்தினான். "என்கிட்ட இருக்கிற காசு அதுக்குப் போதுமாண்ணே? நாலு தடவை உட்கார்ந்தா தீர்ந்துடுமே."

"தாராளமாப் போதும். நானும் கூட வரேன்."

போனோம். அவன் ஆடினான், நான் பின்னால் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மோசமாக ஆடவில்லை. சீட்டுதான் வரவில்லை. இரண்டாம் முறையும் தோற்று ரயிலில் திரும்புகையில், "பேசாம சின்ன மேசைக்கே வந்துடட்டுமாண்ணே?" என்று கேட்டான்.

அப்போதாவது நான் ஆம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? "அடுத்த வாரம் சீட்டு திரும்பும்" என்றேன். அந்த மேசையில் இன்னும் ஒருவனுடைய போக்கு எனக்குப் பிடிபடாமல் இருந்தது...

கையிலிருந்தது தீர்ந்தது. பிறகு இயந்திரத்தை விற்றான். அவனாகத்தான் விற்றான் என்று மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாங்குவதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தவனே நானாயிற்றே!

அந்தப் பணமும் போனபின், கடையைக் காலி செய்துவிட்டுத் தனியாளாகக் காப்பார்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனான். அடுத்த மாதம், அவன் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். வென்றேன்.

சில ஆண்டுகள் கழித்து, கிள்ளான் ரயில் நிலையத்தில் அவனைக் கண்டேன். மெலிந்திருந்தான். பக்கத்தில் இளம்பெண் ஒருத்தி, தோட்டத்தில் மணந்துகொண்டவள். காணாததுபோல் நகர்ந்தேன். அதற்குள் அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சொல்வேனே, கிராணி அண்ணன், இவங்கதான்" என்றான் அவளிடம். "அன்னிக்கே வேணாம்னு தடுத்தாங்க. நான்தான் கேக்காம ஆடி அழிச்சேன்."

உண்மையாகவே அப்படித்தான் எண்ணியிருந்தானா? அல்லது எல்லாம் அறிந்தே என்னை அவள் முன் காப்பாற்றினானா? எத்தனையோ பேருடைய முகம் பார்த்துச் சீட்டை ஊகித்தவன் நான். அவன் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பெண் என்னைக் கைகூப்பிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். தோட்டத்தில் மழை எப்படி என்று விசாரித்தேன்.