எந்தக் கன்னம்

எங்க வீட்டுக்காரர் சாராயத்தைத் தொட்டவரே கிடையாது. மோர் கொஞ்சம் புளிச்சிருந்தாலே "இன்னாமா, நெடி அடிக்குது"ன்னு தம்ளரைத் தள்ளி வச்சிடுற ஆளு. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா சொல்ல வேண்டிய இடத்துல, சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாம வாயை மூடிக்கினு இருந்தவ நான். மேலே படிக்கும்போது எங்கேயாவது என்மேல இரக்கம் வந்துச்சுன்னா, தயவு பண்ணி இந்த முதல் வரிக்குத் திரும்பி வாங்க.

அறுபத்தொன்பது எழுபது வாக்குல நாங்க சின்ன காஞ்சிபுரத்துல ஒரு சந்துல குடியிருந்தோம். கூடத்துலயே குழித்தறி. தறி எங்களுது, பட்டும் ஜரிகையும் முதலாளியோடது. கோர்வைப் புடவைன்னா உடம்பு ஒரு நிறம், கரை வேற நிறம். ஒத்தை ஆளா அதை நெய்ய முடியாது. குழியில அவர் உக்காந்து உடம்புக்கு, குறுக்கு இழை சுத்துன நாடாவை ஓட்டுவாரு, வலது பக்கம் நான் உக்காந்து கரைக்கு நாடா போடுவேன். ஒவ்வொரு இழையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கணும். யாராவது ஒருத்தர் கை நடுங்கினா போதும், கரை பல்லை இளிச்சிடும். கல்யாணமான புதுசுல எங்களுக்குள்ள பேச்சே அந்தத் தறியிலதான். அவர் காலை மிதிக்கிற தாளத்தை வச்சே கோவமா இருக்காரா, பசிக்குதான்னு சொல்லிடுவேன். கோவமா இருந்தது ரொம்பக் கம்மி.

நாலாவது வருஷம் ஒரு பொண்ணு பொறந்து பதினோரு நாள்ல போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷம் நான் தறிப் பக்கமே போகல. கூடத்து மூலையில பாயைப் போட்டுச் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தேன். அவர்தான் சோறாக்குனாரு. அவர்தான் என் தலையை வாரிப் பின்னி விட்டாரு, கோணலும் மாணலுமா. ஒருநாள் குழம்புல உப்புப் போட மறந்துட்டு, நான் சாப்பிடாதது அதனாலதான்னு நெனைச்சு அடுப்பு முன்னாடி உக்காந்து அழுதாரு. கோர்வைக்குப் பக்கத்துல ஆள் இல்லாததால ஒரே நிறப் புடவையா வாங்கி நெய்ஞ்சாரு. "வேற யாரையாவது கூப்பிட்டு உக்கார வச்சிக்கோ"ன்னு அக்கம்பக்கத்துல சொன்னதுக்கு, "அவ வருவா"ன்னாராம். இதெல்லாம் சொல்றது எதுக்குன்னா, பின்னாடி இந்த மனுஷனைத்தான் நான் ஊர் ஊரா வித்தேன்.

எல்லாரும் வந்து ஒரே பாட்டுத்தான் பாடுனாங்க: "இன்னொண்ணு பெத்துக்க, எல்லாம் சரியாயிடும்." ஒருநாள் வெள்ளைச் சேலை கட்டிக்கினு, தோள்ல ஒரு பை, கையில குடையோட ஒரு ஊழியக்கார அம்மா தெருவுல வீடு வீடா வந்தாங்க. எங்க வீட்டுலயும் நுழைஞ்சு, என் பாய் பக்கத்துலயே தரையில உக்காந்து, "குழந்தைக்குப் பேர் வச்சிருந்தீங்களாம்மா?"ன்னாங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் அதைக் கேக்கல. வச்சோம்னு சொன்னேன். அந்தப் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாங்க. வேற யாரோ வாயில அந்தப் பேரைக் கேட்டப்ப அழுதேன் பாருங்க, அப்படி ஒரு அழுகை. ஒரு வருஷத்துல முதல் தடவையா அன்னிக்குத்தான் ராத்திரிக்குப் பசிச்சுது.

அந்த அம்மாவோட சபை ஓரிக்கை போற ரோட்டுல ஒரு ஓலைக் கொட்டகை. அரிசி மில்லுல வேலை செய்யறவங்க, கழனிக் கூலிக்குப் போறவங்க, ஒரு ரயில்வே கேட்காரர், ஒரு கம்பவுண்டர். எங்க தெருவுக்குள்ள வந்தா செருப்பைக் கையில எடுத்துக்க வேண்டியிருந்த குடும்பத்துப் பொம்பளைங்களோட ஒரே பாயில உக்காந்தேன். மொத நாள் ஓரமா ஒதுங்கித்தான் உக்காந்தேன், அதையும் மறைக்க மாட்டேன். நாலாவது வாரம் அவங்க தோள்ல சாஞ்சு தூங்கிட்டேன்.

பாலாத்துல தண்ணி ஏது? ஞானஸ்நானம் ஒரு கழனியில பம்பு செட்டுத் தொட்டியிலதான் நடந்துச்சு. முங்கி எழுந்தப்ப நெஞ்சுல இருந்து ஒரு பாரம் எறங்குன மாதிரி இருந்துது. அந்த சந்தோஷம் நெசம். அதை மட்டும் இன்னிக்கும் பொய்னு சொல்ல மாட்டேன். சபை வழக்கப்படி வீட்டுக்கு வந்து கம்மல், மூக்குத்தி, தாலி எல்லாத்தையும் கழட்டி அவர் கையில குடுத்தேன். அவர் அதை ஜரிகை வைக்கிற தகர டப்பாவுல போட்டு மூடுனாரு. "ஊரு இன்னா சொல்லும்னு ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"ன்னேன். "ஊரா வந்து உன்னை எழுப்பி உக்கார வச்சுது?"ன்னாரு. மறுநாள் காலையில நான் போய்த் தறிக்கு வலது பக்கம் உக்காந்தேன்.

இதோட நின்னிருந்தா நான் நல்லவளாவே செத்திருப்பேன்.

சபையில ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ற நேரம்னு ஒண்ணு உண்டு. ஆண்டவர் நமக்குச் செஞ்சதை எழுந்து நின்னு சொல்லணும். நான் மொதல்ல சொன்னது மூணே வரி. குழந்தை போச்சு, ஒரு வருஷம் எழுந்திருக்கல, இப்ப எழுந்துட்டேன். "ஸ்தோத்திரம்"னாங்க, யாரோ தும்முனதுக்கு "நூறு ஆயுசு"ங்கிற மாதிரி. எனக்கு முன்னாடி பேசுனது கேட்காரர். தண்டவாளத்துல தலையை வச்சிப் படுத்துட்டு, வண்டிச் சத்தம் கேக்கும்போது எழுந்து வந்தவர் அவரு. அவருக்கும் முன்னாடி ஏழு வருஷம் பேய் பிடிச்சு ஆடுன ஒரு அம்மா. அதுங்களுக்கு நடுவுல தலை பின்னி விடுற புருஷனை வச்சிக்கினு நான் இன்னாத்தைச் சொல்றது? பொறாமையா இருந்துச்சுங்க. அடுத்தவங்க கஷ்டத்தைப் பாத்துப் பொறாமைப்பட்ட ஜென்மம் நானாத்தான் இருப்பேன்.

அடுத்த தடவை "வீட்டுலயும் சமாதானம் இல்லாம இருந்துது"ன்னு ஒரு வரி சேத்தேன். பக்கத்துல இருந்த அக்கா "ஐயோ, பாவம்"னாங்க. அதுக்கடுத்த தடவை, "அவருக்குக் குடிப்பழக்கம்"னு வாயில வந்துடுச்சு. அல்லேலூயா! கொட்டகை அதிர்ந்துச்சு. பொம்பளைங்க பாதிப் பேர் கண்ணைத் தொடைச்சாங்க. பாவம், அவங்கவங்க வீட்டுல அதுதான் நடந்துக்கினு இருந்துது. என் பொய்யில அவங்க தங்களோட நெசத்தைப் பாத்து அழுதாங்க. எனக்கு அது உறைக்கல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எல்லாரும் என்னைப் பாத்துக்கினு இருக்காங்கங்கிறதுதான்.

அப்புறம் ஒரு அறை சேந்துச்சு. அப்புறம் ஒருநாள், எந்தப் பிசாசு என் நாக்குல உக்காந்துச்சோ, "முதலாளி குடுத்த ஜரிகையையே வித்துக் குடிச்சவரு"ன்னு சொன்னேன். நெசவுக்காரனைக் குடிகாரன்னு சொன்னா, திட்டிட்டு விட்டுடுவாங்க. ஜரிகை திருடன்னு சொன்னா அவனுக்கு இந்த ஊர்ல பொழப்பே கிடையாது. தறியில உக்கார்ற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா கொட்டகையில இருந்தவங்க நெசவுக்காரங்க இல்ல. தெரு வேற, சபை வேறன்னு நெனைச்சுட்டேன். வாலாஜாபாத், செங்கல்பட்டுன்னு கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. "சாட்சிக்காரத் தங்கச்சி"ன்னே பேராயிடுச்சு.

அவர் ரொம்ப நாளாவே கேட்டுக்கினு இருந்தாரு. "நீ போயிட்டு வந்தா பாட்டுப் பாடிக்கினே சமைக்கிற. அப்படி இன்னாதான் இருக்குது அங்க, நானும் வந்து பாக்கறேனே." அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தட்டிக் கழிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை நான் எழுந்து சாட்சி சொல்லிக்கினு இருக்கேன். குடியைச் சொல்லியாச்சு, அறையைச் சொல்லியாச்சு, ஜரிகையையும் சொல்லியாச்சு. ஆம்பளைங்க பக்கம் கடைசிப் பாயில, வெளுத்த வேட்டி கட்டிக்கினு, முழங்காலைக் கட்டிக்கினு அவர் உக்காந்திருக்காரு. நல்ல நாளுக்குன்னு வச்சிருந்த வேட்டி.

என் வாய் நின்னுடுச்சு. பாஸ்டர் ஐயா என் கண்ணு போன இடத்தைப் பாத்துப் புரிஞ்சிக்கினாரு. சந்தோஷத்துல அவருக்குக் குரலே உடைஞ்சிடுச்சு. "சகோதரரே, எழுந்திரிங்க. தங்கச்சி சொன்னது உண்மைதானே?"

அவர் எழுந்தாரு. என்னைப் பாத்தாரு. நான் கண்ணாலயே கெஞ்சினேன். 'இல்லைன்னு சொல்லிடுங்க'ன்னு கெஞ்சியிருந்தா நான் மனுஷி. நான் அப்படிக் கெஞ்சல.

"ஆமாங்கய்யா"ன்னாரு.

டோலக் அடி, கைத்தட்டல், அழுகை, கட்டிப் பிடிக்கிறது. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு நடந்து வந்தோம். தெரு முனையில அவர் வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு. அப்பால மெதுவா, "குடி, அடி எல்லாம் சரிம்மா. ஜரிகையை மட்டும் விட்டிருக்கலாம்"னாரு.

"நான் அடுத்த வாரமே எழுந்து பொய்னு சொல்லிடறேங்க"ன்னேன்.

"சொன்னா உன்னைப் பொய்க்காரின்னு தள்ளி வச்சிடுவாங்க. நீ மறுபடியும் வந்து அந்த மூலையில படுத்துப்ப. இன்னொரு வருஷம் என்னால தாங்க முடியாது. எனக்கு ஒரு பேர் போனாப் போவுது." அவ்வளவுதான் சொன்னாரு. அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்துச்சு. வெக்கம் அப்புறந்தான் வந்துச்சு.

ஊரு வாயை மூட உலைமூடி இருக்குதா? ஒரு மாசத்துல முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை தராசோட வந்தாரு. மீதி ஜரிகையைக் கூடத்துலயே நிறுத்துப் பாத்தாரு. எடை சரியாத்தான் இருந்துது. இருந்தும் எடுத்துக்கினு போயிட்டாரு. "முதலாளி சொல்லிட்டாருப்பா, என்னை ஒண்ணும் கேக்காதே." அன்னியிலிருந்து கல்யாணப் புடவை எங்க தறிக்கு வரல, ஜரிகை இல்லாத சாதாப் புடவைதான். தகர டப்பாவுல என் தாலியும் கம்மலும் மட்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிச் சத்தம் போட்டுக்கினு கெடந்துச்சு. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா வாசல்ல நின்னு கத்துனாங்க: "குடிகாரன் கையில கோர்வை நிக்குமா? இது கூடவா முதலாளிக்குத் தெரியாது? எவ கட்டி விட்டாளோ, அவ நாக்கு அழுகிப் போவ!" நான் உள்ள இருந்து, "விடுங்கக்கா"ன்னேன்.

அவரும் அதே தொட்டியில ஞானஸ்நானம் எடுத்தாரு. நம்பித்தான் எடுத்தாரா, எனக்காக எடுத்தாரான்னு கேக்க எனக்கு தைரியம் இல்ல. மாசி மாசம் பாலாத்து மணல்ல மூணு நாள் பெரிய கூட்டம் போட்டாங்க. முதல் நாள் சாயங்காலம் அவர் சாட்சி சொல்லணும்னு பாஸ்டர் ஐயா கேட்டுக்கினாரு. எத்தனையோ குடிகாரங்க வந்து கேப்பாங்க, நாலு பேராவது திருந்துவாங்கன்னாரு. நான் அன்னிக்குக் காலையிலயே முடிவு பண்ணிட்டேன். அவருக்கு முன்னாடி நான் எழுந்து நிப்பேன். இவர் குடிச்சதில்ல, அடிச்சதில்ல, ஜரிகையைத் தொட்டதில்ல, எல்லாம் என் வாய்க் கொழுப்புன்னு சொல்லிடுவேன். தள்ளி வச்சா வைக்கட்டும். வார்த்தையை ஒண்ணு விடாமப் பாடம் பண்ணிக்கினேன்.

ஆத்துக்கு நடந்துக்கினு இருந்தோம். வெயில் சாய்ஞ்சிடுச்சு, மைக் டெஸ்ட் பண்ற சத்தம் தூரத்துல கேட்டுது. அவர் திடீர்னு, "ஏம்மா, சாராயம் எங்க வாங்குவேன் நானு?"ன்னாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. "இன்னாங்க?"

"மதுவிலக்கு இருக்குதே, எங்க போய் வாங்குனேன்னு யாராவது கேட்டா? இடம் தெரியலைன்னா சிரிப்பாங்க. ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கேயோ காய்ச்சுறாங்கன்னு சொல்றாங்களே, அங்கன்னு சொல்லட்டா?"

நான் தலையை ஆட்டுனேன். இப்பவே சொல்லிடு, இந்த ரோட்டுலயே நின்னு சொல்லிடுன்னு உள்ள அடிச்சுக்குது. பாடம் பண்ணுன வார்த்தையெல்லாம் ஒண்ணு விடாம ஞாபகம் இருக்குது.

அவர் நின்னாரு. கரைக்கு எந்த நிறம் போடலாம்னு கேப்பாரே, அதே முகத்தோட என்னைப் பாத்துக் கேட்டாரு:

"நான் உன்னை எந்தக் கன்னத்துல அடிச்சேன்? வெளியூர்லயெல்லாம் நீ ஒண்ணு சொல்லி வச்சிருப்ப. நான் மாத்திச் சொல்லிடப் போறேன்."

தூரத்துல பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. எனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்க ரெண்டு பேர் எங்களைப் பாத்துக் கையாட்டிக்கினே வந்தாங்க.

"இடது"ன்னேன்.

"இடது, இடது"ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கினாரு.

மேடையில ஏறி, ஒரு தப்பு இல்லாம எல்லாத்தையும் சொன்னாரு. கை துளிகூட நடுங்கல. கூட்டத்துல முதல் அல்லேலூயா என்னோடதுதான்.