பின்சீட்டு இல்லாத வண்டி

நிவேதா பைக் வாங்கப் போகிறாள் என்ற செய்தி கோட்டைக்குப்பத்தில் பரவியபோது, என்ன வண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்றுதான் கேட்டார்கள்.

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அந்த ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் யாரும் ஒண்டியாகப் படகு இறக்குவதில்லை. முன்னால் நின்று வலை விட ஓர் ஆள், பின்னால் நின்று கோல் ஊன்றிப் படகைத் தள்ள ஓர் ஆள். பின்னால் நிற்கும் ஆள் வரவில்லை என்றால் அன்றைக்குத் தொழில் இல்லை, படகு கரையில் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண், கடலோரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றால், அவளுக்குக் கோல் ஊன்ற ஆள் தேடுவதுதானே முறை?

நிவேதா அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பொன்னேரியில் பொருளாதாரம் படித்தாள். படிப்பு முடிந்தால் அரசு வேலை வரும், இல்லையென்றால் மாப்பிள்ளை வருவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். இரண்டும் வரவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அச்சடிக்கும் வேலைதான் வந்தது. அதையும் போன மாதம் விட்டுவிட்டாள். ஏன் விட்டாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். இப்போது ஏன் போகிறாய் என்று கேட்டால் மட்டும் பதில் வைத்திருந்தாள். ஆளுக்கு ஒரு பதில்.

அப்பா சடையனிடம், மற்ற ஊர் மீனவர் சங்கங்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றாள். அம்மா திரௌபதியிடம், திருச்செந்தூரில் ஒரு வேண்டுதல் என்றாள். அம்மாவின் அண்ணன் முரளியிடம், தூத்துக்குடியில் இன்டர்வியூ என்றாள். ஒருநாள் மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாகச் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். மாட்டிக்கொண்டோம் என்று நிவேதா எழுந்து ஓடத் தயாரானாள். ஆனால் அவளை யாரும் சந்தேகப்படவில்லை. மூன்றையும் சேர்த்து ஒரு பயணத் திட்டம் போட்டுவிட்டார்கள்.

"போறப்போ சங்கத்தப் பாத்துக்கட்டும். தூத்துக்குடில இன்டர்வியூ முடிச்சிக்கினு, அப்பால திருச்செந்தூரு. கிட்டதான் கீது," என்றார் முரளி, மீன்முள்ளை ஓரமாக ஒதுக்கியபடி. "நானும் கூடப் போய்க்கிறேன், மாப்ளே. எனக்கும் இங்க இன்னா வெட்டி முறிக்கிற வேலையா கீது?"

"அதான் சரி, மச்சான்," என்றார் சடையன்.

ஒரு காரணம் கூடச் சொல்லத் தெரியாதவள்தான் மூன்று காரணம் சொல்வாள். அது நிவேதாவுக்கே தெரியும். ஆனால் இப்போதைக்கு அது பிரச்சினை இல்லை. முரளி மாமாதான் பிரச்சினை. ஆள் நல்லவர், கோல் ஊன்றுவதில் கெட்டிக்காரர், வாய் மட்டும் ஓயாது. அவரோடு போனால் அது பயணமாக இருக்காது, கோட்டைக்குப்பமே நகர்ந்து போவதாக இருக்கும்.

பொன்னேரியில் பெரியசாமி என்பவர் பழைய பைக் கடை வைத்திருந்தார். நிவேதாவோடு முரளியும் புறப்பட்டார். வண்டி பார்க்கத் தெரிந்த ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அவர் இதுவரை வாங்கிய வண்டி என்று ஒரு சைக்கிள்கூட இல்லை. அவருடைய பரிசோதனையும் எளிமையானது. ஒவ்வொரு பைக்கின் பின்சீட்டிலும் ஏறி உட்கார்ந்து, இரண்டு தடவை குதித்துப் பார்ப்பார்.

"பாப்பா, இது மெத்துமெத்துனு கீது. விழுப்புரம் வரைக்கும் தூங்கிக்கினே போலாம்."

"வேற காட்டுங்கண்ணா," என்றாள் நிவேதா பெரியசாமியிடம்.

அடுத்தது பின்சீட்டு செங்குத்தாகத் தூக்கிய வண்டி. முரளி ஏறியதும் அவர் முழங்கால் தாடையைத் தொட்டது. "ஐயே, இதுல உக்காந்தா ஒன் முதுவு மேலயே கவுந்துக்கினு வரணும்டி," என்று அவர் கத்தியபோது நிவேதாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அவள் ஏறி உட்கார்ந்தால் கால் தரையை எட்டவில்லை.

பெரியசாமி சலித்துப்போனார். "மேடம், உங்களுக்கு எந்த மாதிரி வண்டி வேணும்னு சொல்லிட்டீங்கன்னா எனக்கு வேலை சுலபம்."

நிவேதா மாமாவைப் பார்த்தாள். அவர் வேறொரு வண்டியில் குதித்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தருக்கு மேல உக்கார முடியாத வண்டி."

பெரியசாமியும் முரளியைப் பார்த்தார். விஷயம் புரிந்தது. அவளைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார்.

மீன் வியாபாரி ஓட்டிய வண்டி அது. பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐஸ் பெட்டி வைக்க இரும்புக் கேரியர் அடித்திருந்தது. தினமும் பெட்டி நிறைய மீன் ஏற்றித் தெருத் தெருவாக அலைந்த வண்டி, இன்ஜின் மேல் ஒரு குறை சொல்ல முடியாது என்றார் பெரியசாமி.

"நாத்தம் வருமா?"

"எந்த ஊரு மேடம் நீங்க?"

"கோட்டைக்குப்பம்."

"அப்போ உங்களுக்குத் தெரியவே தெரியாது."

நிவேதாவுக்குச் சுருக்கென்றது. கல்லூரிக்குப் போன மூன்று வருடமும், பஸ்ஸில் பக்கத்தில் யாராவது மூக்கைத் தேய்த்தால் முதலில் தன் சுடிதார்க் கையைத்தான் முகர்ந்து பார்ப்பாள். அப்படி ஓடி ஓடித் தப்பித்த வாசனையை இன்று தானே விலை பேசி வாங்குவதா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு பின்சீட்டு இருந்த இடத்தில் அடித்திருந்த அந்த இரும்புக் கேரியரைத் தடவிப் பார்த்தாள். என்ன அழகு!

முரளி ஓடி வந்தார். "ஐயே! மீன்காரன் வண்டிடி இது. டிகிரி படிச்சிட்டு இதுல போவியா? நான் எங்க உக்கார்றது?"

"அதான் மாமா, எனக்கும் கஷ்டமா கீது. எடமே இல்லியே," என்றாள் நிவேதா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

வண்டிக்குப் பிறகு பை. இணையத்தில் தேடிச் சலித்து, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கும் பை ஒன்றை வரவழைத்தாள். தண்ணீர் புகாது என்று அதில் அச்சடித்திருந்தது. நான்கு சுடிதாரை மடித்து அடுக்கி வாசலில் வைத்துவிட்டு வண்டியைத் துடைக்கப் போனாள். திரும்பி வந்தால் பை இல்லை. சடையன் அதை ஏரியில் மிதக்க விட்டு, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா! இன்னா பண்ற?"

"தண்ணி பூராதுன்னு போட்டுக்கீதே. பூராதுன்னா மெதக்கணும்ல?"

அந்த ஊரில் கரைக்கு வரும் எந்தப் பொருளுக்கும் அதுதான் பரீட்சை. பை கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, நான்கு சுடிதாரோடும் மரியாதையாக உள்ளே போனது. சடையன் இறங்கி எடுத்து வந்து, அதை உதறி, படகிலிருந்த பழைய ஐஸ் பெட்டியை அவள் முன்னால் வைத்தார். "இது மெதக்கும். பூட்டு வேற கீது."

பெட்டி கேரியரில் கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டி முடித்து நிவேதா தள்ளி நின்று ரசித்தாள். வண்டி, பெட்டி, தான். வேறு யாருக்கும் ஓர் அங்குலம் இல்லை. அப்போது முரளி லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தார்.

"அடியே! சீட்ட விட ஒசரமா கீது. இங்கருந்தே கன்னியாகுமரி தெரியுது!"

சடையன் சந்தோஷப்பட்டார். அன்றைக்கே இரண்டு பேரும் ஓர் ஓட்டம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார்.

காட்டூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவில் சாலை நன்றாக இருந்தது. முரளி பெட்டிமேலிருந்து வழியில் போகிறவர்களை எல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு வந்தார். முன்னால் இடப்பக்க வளைவு ஒன்று வந்தது. நிவேதா இடப்பக்கம் சாய்ந்தாள். வண்டி சாய்ந்தது. அவ்வளவுதான், முரளி தன் முழு எடையையும் வலப்பக்கம் போட்டார். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் பின்னால் நிற்பவர் அதைத்தான் செய்வார். அதைத்தான் அவர் காலமெல்லாம் செய்திருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று வண்டிக்குத் தெரியவில்லை. அது இடமும் போகாமல் வலமும் போகாமல் நேராகப் போய், புதிதாக நட்ட நெல் வயலுக்குள் இறங்கியது.

சேறு மெத்தையாக இருந்தது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. முரளி மட்டும் கொஞ்சம் தள்ளி, நாற்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

வயலுக்குச் சொந்தக்காரர் கண்ணப்பன் வரப்பில் ஓடி வந்தார். "இன்னாய்யா, ஏரி தூரமாப் போச்சுன்னு என் கழனில படகு வுட்றியா?"

சாய்ந்த நாற்றை எல்லாம் திரும்ப ஊன்றிவிட்டுப் போ என்று அவர் முரளியை விடவில்லை. முரளி ஊன்றிய நாற்றுகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. கண்ணப்பன் தலையில் அடித்துக்கொண்டு, போய்த் தொலையுங்கள் என்று பம்புசெட்டைக் காட்டினார்.

கொட்டும் தண்ணீரில் தலையைக் கொடுத்துக்கொண்டே முரளி கேட்டார். "நெசத்தச் சொல்லு. வேணும்னுதானே அவ்ளோ வேகமாத் திருப்புன?"

"நீ ஏன் மாமா அந்தாண்ட சாஞ்ச?"

"நான் எங்கடி சாஞ்சேன்? ஒடம்பு சாஞ்சிச்சி."

நிவேதா தன் வலக்கையைப் பார்த்தாள். வளைவு வருவதற்கு முன்னால் அந்தக் கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கியதாகத்தான் நினைவு. தான் முறுக்கினாளா, கை முறுக்கியதா? மாமாவைப்போல அவளால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை.

"குப்பத்துல மட்டும் சொல்லிடாதே, கண்ணு," முரளியின் குரல் இறங்கியிருந்தது. "கோல் புடிக்கிறதுல என்னிய மிஞ்ச ஆள் இல்லன்னு பேரு. கழனில வுழுந்தான்னா மானம் பூடும்."

"சொல்ல மாட்டேன். நீ நைனாகிட்ட அவ ஒண்டியாப் போவட்டும்னு சொல்லு."

"அடிப்பாவி! படிச்சவ பண்ற வேலையா இது?"

"படிச்சதுக்கு இது வரைக்கும் இது ஒண்ணுக்குத்தான் மாமா உதவிச்சி."

வீட்டுக்கு வந்ததும் முரளி பேரப்படியே நடந்தார். "மாப்ளே, இது படகு இல்ல. ஒத்த ஆளு வண்டி. பின்னாடி ஆள் இருந்தாதான் ஆபத்து," என்று நிபுணர் மாதிரி அறிவித்தார்.

சடையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். காதுக்குப் பின்னால் சேறு காயாமல் இருந்தது. "எந்தப் பக்கம் சாஞ்ச?"

முரளி வலது தோளை மட்டும் லேசாக அசைத்தார்.

"நானும் அந்தப் பக்கம்தான் சாஞ்சிருப்பேன்," என்றார் சடையன். பிறகு மகளிடம் திரும்பினார். "சரி, போய்ட்டு வா."

புறப்படும் காலையில் நிவேதா பெட்டியைப் பூட்டிவிட்டுச் செருப்பு மாட்டப் போனாள். திரும்பினால், பெட்டிமேல் அம்மா. தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவையில்.

"பொன்னேரி வரைக்கும் வரேன்," என்றாள் திரௌபதி.

"ஒனக்குப் பொன்னேரில இன்னாம்மா வேலை?"

"சொன்னாதான் கூட்டிக்கினு போவியா?"

திரௌபதி வாழ்நாளில் கோல் பிடித்ததில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பவள். பைக்கில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மகளை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடுவதுதான். நிவேதா சாய்ந்த பக்கமெல்லாம் அவளும் கூடவே சாய்ந்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நிவேதாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளை எந்த வளைவிலும் உதற முடியாது.

பொன்னேரி வந்தது. திரௌபதி இறங்கவில்லை. "தச்சூர் கூட்டுரோடு வரைக்கும் வரேனே."

தச்சூர் கூட்டுரோட்டில் டீ குடித்தார்கள். கிளாசை வைத்த கையோடு மறுபடியும் பெட்டிமேல் ஏறினாள். "செங்குன்றத்துல எறங்கிக்கிறேன்."

"நீ எறங்க மாட்டம்மா. கன்னியாகுமரி வரைக்கும் இப்பிடியே வருவ."

கையும் களவுமாகப் பிடிபட்டவள் சிரிப்பைச் சிரித்தாள் திரௌபதி. "வந்தா இன்னா? ஒங்க மாமா மாதிரி நான் எசகுபெசகா சாய்றேனா?"

சாயவில்லை. அதுதான் கஷ்டம். முதுகில் அம்மாவின் சூடு இன்னும் இருந்தது. சரி, கூடவே வா என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. சொன்னால் சந்தோஷமாகத்தான் இருக்கும், திரும்பி வந்தபிறகும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அப்புறம், தான் ஏன் கிளம்பினாள் என்பதை ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது.

"எம்மா, நான் ஒண்டியாப் போணும்."

"ஏன்?"

திருச்செந்தூர் முருகன் நாக்கு நுனி வரை வந்தார். நிவேதா அவரை விழுங்கினாள்.

"தெரியல. வேண்டுதலும் இல்ல, இன்டர்வியூவும் இல்ல. அல்லார்கிட்டயும் டபாய்ச்சேன். படிச்சேன், வேலைக்குப் போனேன், வுட்டேன். எதுவும் நானா பண்ணாப்ல இல்ல. ஒண்டியாப் போனா இன்னான்னு தெரியுமோன்னு பாக்கணும். தெரியாமக்கூட திரும்பி வருவேன்."

திரௌபதி பெட்டியிலிருந்து இறங்கி, புடவைக் கொசுவத்தைச் சரி செய்தாள்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? ஒங்க நைனாகிட்ட எனக்கும் திருச்செந்தூர்ல ஒரு வேண்டுதல் கீதுன்னு புளுவிட்டு வந்து நிக்கிறேன்."

நிவேதாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அய்யய்யோ. இப்ப இன்னா சொல்லுவ?"

"பஸ்ல போவச்சொல்லோ யோசிச்சிக்கிறேன். ஒனக்கு எங்கருந்து இந்த வாய் வந்திச்சின்னு நெனச்ச?"

பொன்னேரி பஸ் வந்தது. திரௌபதி கூட்டத்தை முழங்கையால் விலக்கி ஏறி, ஜன்னலோர இடத்தையும் பிடித்துவிட்டாள். "பிரேக்கப் பாத்துப் புடி!" என்று ஒரு சத்தம் போட்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மகளைப் பற்றித்தானா, இல்லை, புதுப் புளுகை ஒத்திகை பார்க்கிறாளா என்று நிவேதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பஸ் மறைந்தபின் வண்டியைக் கிளப்பினாள். பின்னால் பாரம் குறைந்ததில் அது லேசாகத் தள்ளாடியது. நிவேதா கைப்பிடியை நேராக்கிக்கொண்டு போனாள்.