மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மாமி

போன வருடம் மாமியாரின் கண் சிகிச்சைக்காக, தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையிலிருந்து நானும் அவரும் மட்டும் சென்னை போயிருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போக, பூமிக்கடியில் இருக்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்குள் இறங்கினோம்.

டிக்கெட் எடுக்கும் இடத்திலிருந்தே ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்தார். நகரும் படிக்கட்டைப் பார்த்து மாமி தயங்கியதும், "பையை நான் பிடிக்கட்டுமா அம்மா?" என்று கையை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. மாமியின் கழுத்தில் தடிமனாக ஒரு செயின். வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மலையாளிகள் நடுவே ரகசியம் என்றால் தமிழ், தமிழர்கள் நடுவே என்றால் மலையாளம். "மாமி, இயாள் கள்ளனாணு, மால நோக்கிக்கோணே" என்றேன். ஆள் திருடன், செயின் பத்திரம் என்று அர்த்தம். மாமி முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டார்.

அந்த ஆள் கையை இழுத்துக்கொண்டார். ஆனால் பிளாட்பாரத்திலும் சற்றுத் தள்ளி நின்று எங்களையே பார்த்தார். என் கணக்கு சரிதான் என்று நினைத்தேன்.

ரயில் வந்தது. பைகளோடு நான் ஏறித் திரும்புவதற்குள், கால் வைக்கத் தயங்கிய மாமியை வெளியே விட்டுக் கதவு மூடிவிட்டது. அவருடைய போன் என் பையில். மாமியை நோக்கி அந்த ஆள் நடந்து வருவதுதான் கண்ணாடி வழியே கடைசியாகத் தெரிந்தது.

எனக்கு உயிரே இல்லை. செயின் போனால் போகட்டும். பார்வை மங்கிய மனுஷியை எங்காவது கூட்டிக்கொண்டு போய்விட்டால்? அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து, அழுதுகொண்டே திரும்பினேன்.

மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீருடையில் ஒரு பெண் காவலர். அந்த ஆள் தூரத்தில், தூணோரம்.

"எதுக்கு மக்கா கரையுத? நான் இஞ்ச தானே இருக்கேன்" என்றார் மாமி.

செயின் கழுத்திலேயே இருந்தது. தூணோரம் நின்றவரிடம் நன்றி சொல்லப் போனேன். "சேச்சிக்கு என்னெ விஸ்வாசம் இல்லல்லோ, அதா இவரெ விளிச்சு நிர்த்தியது" என்றார் அவர், கோபமே இல்லாமல். அசல் மலையாளம். நான் அவரை நம்பவில்லை என்பதால் காவலரை அழைத்து மாமியின் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தான் விலகி நின்றிருக்கிறார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வருவதற்குள் ரயிலேறிப் போய்விட்டார்.

"டிக்கெட் எடுக்குத இடத்தில நம்ம பேச்சைக் கேட்டு, அவரு ஊருப் பக்கத்து ஆளுங்க, வழி தெரியாதுன்னு கூட வந்தாராக்கும்" என்றார் மாமி.

இப்போதும் நான் சட்டென்று சந்தேகப்படுகிறவள்தான். ஆனால் தன்னைக் கள்ளன் என்றவளின் பயத்தைக்கூட மதித்து உதவிய அந்த மனிதரை நினைத்தால், அந்தச் சொல் என் நாக்கிலேயே நின்றுவிடுகிறது.