ஸ்க்ரூடிரைவரோடு ஸ்பீக்கர் வாங்கப் போனவர்

என் அக்காவின் கணவரை வேலை பார்க்கும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘காது’ என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாகக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளில் ஏறி இறங்கியவர். முழ நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். அதன் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பத்து விநாடிதான். “பேரிங் போகப் போகுது. ரெண்டு வாரம் தாங்கும்” என்பார். சரியாக இரண்டு வாரம்தான் தாங்கும். கெட்டுப்போகிற பேரிங் அடித்தொண்டையில் உறுமும் என்பார். அந்த உறுமல் மற்றவர்கள் காதில் விழுவதற்குள் இவர் புது பேரிங்கை மாட்டிவிட்டுக் கை கழுவியிருப்பார்.

அவரிடம் ஒரே ஒரு குறை, ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடுவது நின்றுகொண்டு. டிவியில் செய்தி பார்ப்பது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு. என் கல்யாணத்தில் மேடையில் உட்காரச் சொன்னதற்கு, மண்டபத்து லிஃப்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போட்டோவிலேயே இல்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் இரும்பு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்தார்கள். நாலு மாதம் ஓய்வு, அதன் பிறகும் ஏணி என்ற பேச்சே கூடாது என்றார் டாக்டர். அவர் விழுந்ததற்கு அக்கா அழுததைவிட, வீட்டில் இருந்ததற்கு அழுததுதான் அதிகம். கைத்தடி ஊன்றி ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்த்துவிட்டார்.

நாலாம் மாதக் கடைசியில் அவருடைய முதலாளியம்மா வீட்டுக்கு வந்தார். நல்ல பெண்மணி, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது.

“அண்ணே, இனிமே நீங்க ஏற வேணாம். ஆபீஸ்லயே உக்காருங்க. மோட்டார் ஓடுற சத்தத்த ஃபோன்ல பதிவு பண்ணி அனுப்பச் சொல்றேன். நீங்க கம்ப்யூட்டர்ல கேட்டு என்ன கோளாறுன்னு சொல்லுங்க. நல்ல ஸ்பீக்கரா நீங்களே பாத்து எடுத்துக்கங்க. ஒரு மாசம் பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா...”

மிச்சத்தைச் சொல்லாமல் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். எல்லோருக்கும் புரிந்தது. ஐம்பத்து நாலு வயதில் வீட்டில் உட்கார வேண்டும். மாமாவுக்கு அதைவிட ஜெயிலே மேல்.

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று குடும்பத்தில் பெயர் வாங்கிவிட்டால் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மறுநாள் காலையிலேயே மாமா என் வீட்டு வாசலில் நின்றார். ஹெட்ஃபோனைக் கொடுத்துப் பார்த்தேன். “காத அடைச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது?” என்று கழற்றி எறிந்தார். அப்போது நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“சப்வூஃபர் வச்ச செட்டா எடுங்க மாமா. மேசை மேல ரெண்டு சின்ன ஸ்பீக்கர், கீழ ஒரு பெட்டி. அடிச் சத்தமெல்லாம் அந்தப் பெட்டியிலதான் வரும். உங்க உறுமலுக்கு அதான் சரி.”

பெட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் கடையில், விற்பனையாளர் வழக்கம்போல ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. “பாட்ட நிறுத்துங்க தம்பி” என்று சொல்லி மாமா தன் ஃபோனை நீட்டினார். அதில் இரண்டு பதிவுகள், ஒன்று நல்ல மோட்டார், ஒன்று கெட்ட மோட்டார். கடை முழுக்க லிஃப்ட் ஓடியது. டிவி பார்க்க வந்த குடும்பம் ஒன்று மேலே நிமிர்ந்து பார்த்தது.

இரண்டாவது கடையில் அவர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நான் தடுப்பதற்குள் வலி பொறுத்துக் குனிந்து, முனையை சப்வூஃபர் பெட்டியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக் கண்ணை மூடிவிட்டார்.

“சார்! சார்! குத்தாதீங்க சார்!”

“குத்தலப்பா. கேக்கறேன்.”

“ஸ்பீக்கர தள்ளி நின்னுதான் சார் கேக்கணும்!”

“மோட்டார மட்டும் கிட்ட போய்க் கேக்கலாம், இத கேக்கக் கூடாதா? பெட்டி லூசா இருக்கு. அடுத்தத எடு.”

என் பக்கத்தில் நின்ற ஒருவர், “யாருங்க அவரு?” என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு கீபோர்டுகள் இருக்கும் பக்கம் நகர்ந்துவிட்டேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினோரு நாள் அலைந்தோம். பிளாஸ்டிக் பெட்டி ஆகாது, விரலால் தட்டினால் காலி டப்பா மாதிரி இருக்கிறதாம். குமிழ் முன்னால் இருந்தால் பொம்மையாம். வாட்ஸ் எத்தனை என்று நான் படித்துச் சொன்னால், “அதெல்லாம் அட்டையில எழுதறது” என்பார். இரவு பத்து மணிக்கு ஃபோன் செய்து, முதலாவதைத் திரும்ப ஒரு தடவை பார்க்கலாமா என்பார். கடைசியில் கடைத்தெரு முனையில் ஒரு கடையில், தூக்கவே இரண்டு ஆள் வேண்டிய மரப் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். அடிச் சத்தத்தைக் கூட்டும் குமிழ் பின்பக்கம் இருந்தது. அதை முழுக்கத் திருகி, கெட்ட மோட்டாரைப் போட்டார். உறுமியது. மாமாவின் முகம் மலர்ந்தது.

“இதாம்ப்பா. இதுல கேக்குது.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கடைக்காரர் பின்னாலிருந்து, “மூலையில மட்டும் வச்சிடாதீங்க சார், செவுத்துல மோதி சத்தம் ரெண்டு மடங்கா வரும்” என்றார். என் முதுகு உடைந்துகொண்டிருந்தது. யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

ஆபீசில் மாமாவுக்குக் கொடுத்த அறை, பழைய ஃபைல்கள் அடுக்கிய சின்ன அறை. வயர் எட்டிய இடம் மூலைதான். அங்கேயே வைத்தார்கள். குமிழ் முழுசாகத் திருகியபடியே இருந்தது.

முதல் வாரத்தில் மூன்று மோட்டார்களுக்கு ‘பேரிங் போச்சு’ என்று தீர்ப்புச் சொன்னார். மூன்றையும் கழற்றியவர் ‘ஒல்லி’ என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு மெக்கானிக், மாமாவோடு இருபது வருடமாக ஜோடியாக ஏறியவர். முதல் மோட்டார் நன்றாக இருந்தது. இரண்டாவதும் நன்றாக இருந்தது. மூன்றாவது ஓர் ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்டை அரை நாள் நிறுத்தி, குடியிருப்பவர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு படியேறித் திட்டி, கடைசியில் திறந்து பார்த்தால் பேரிங் பளபளவென்று இருந்தது. ஒல்லி அங்கிருந்தே ஃபோன் செய்தார்.

“டேய், உன் காதுக்கு வயசாயிடுச்சு. இனிமே அதக் கழட்டிப் பாரு.”

மாமா ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாராம். அன்று மாலை அக்கா எனக்கு ஃபோன் செய்தாள்.

“டேய், உடனே வா. மாமா உக்காந்திருக்காருடா.”

“உக்காந்தா என்னக்கா?”

“வந்ததுலேருந்து எந்திரிக்கவே இல்லடா. எனக்கு பயமா இருக்கு.”

போனேன். நாற்காலியில் இருந்தார். கைத்தடி கீழே கிடந்தது. “காது போயிடுச்சு மாப்ளே” என்றார். இல்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். நானோ, “ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம் மாமா” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டி வாங்கச் சொன்னது நான், காதைச் சந்தேகப்பட்டதும் நான்.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் விடுமுறை. அவரை இழுத்துக்கொண்டு அங்கே போனேன். திரையைப் பார்க்காதபடி அவரைத் திருப்பி உட்காரவைத்து, எது என்று சொல்லாமல் நல்ல மோட்டாரைப் போட்டேன்.

“பேரிங் போச்சு” என்றார்.

கெட்டதைப் போட்டேன். “போச்சு.”

என் ஃபோனை எடுத்து அந்த அறையின் மின்விசிறியைப் பதிவு செய்து போட்டேன். “இதுவும் போச்சு. எந்த பில்டிங்?”

பெட்டியின் பின்னால் கைவிட்டுக் குமிழைச் சுத்தமாகக் குறைத்தேன். திரும்ப எல்லாவற்றையும் போட்டேன். எதிலும் உறுமல் இல்லை, கெட்ட மோட்டாரில்கூட. மனிதக் குரலுக்காகச் செய்த ஃபோன் மைக், அந்த அடிச் சத்தத்தைப் பிடிக்கவே இல்லை. உறுமியது பெட்டியும் மூலையும்தான். கடையில் எது கெட்ட மோட்டார் என்று தெரிந்துகொண்டே கேட்டார், அதனால் கெட்டதாகக் கேட்டது.

“பதிவுல அந்தச் சத்தமே இல்ல மாமா. இல்லாதத எந்த ஸ்பீக்கரும் குடுக்காது.”

“அப்ப என் காது நல்லாத்தான் இருக்கு” என்றார். சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “அப்ப இந்த வேலைதான் இல்ல.”

சப்வூஃபரின் வயரைப் பிடுங்கி, சின்ன ஸ்பீக்கர்களை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினேன். சும்மா இருக்க முடியாமல் அவர் மேசை மேல் இருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் அந்த வாரத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். மூன்றாவது பதிவில், அந்த ஐந்து மாடிக் கட்டடத்துப் பதிவில், கை நின்றது. திரும்பப் போட்டார். அறைக்குள் நடந்தார். திரும்பப் போட்டார்.

“கேக்குதா?”

“என்னது மாமா?”

“டிக்குனு ஒண்ணு. லிஃப்ட் ஒரே எடத்தத் தாண்டுறப்பல்லாம்.”

பத்தாவது தடவை எனக்கும் கேட்டது, நகத்தால் கண்ணாடியைத் தட்டுவது போல. இத்தனை நாள் பெட்டியின் இரைச்சல் அதை விழுங்கியிருந்தது.

“லிஃப்டத் தூக்குற கம்பிக் கயிறு பிரியுது மாப்ளே. பிரிஞ்ச கம்பி பக்கத்துக் கயித்தையும் அறுக்கும். நிறுத்தணும்.”

ஒல்லிக்கு ஃபோன் செய்தார். “நாலாவது தடவையா?” என்று கேட்டு வைத்துவிட்டார் ஒல்லி. முதலாளியம்மாவோ, “திங்கக்கிழமை பேசிக்கலாம்ணே” என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் அவரைச் சுட்டது. ஸ்க்ரூடிரைவரையும் சாவிக்கொத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். மோட்டார் அறைகளின் சாவிகளை அவர் இன்னும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் காவலாளி, ஆபீசிலிருந்து சொன்னால்தான் லிஃப்டை நிறுத்துவேன் என்றார். மாமா படியேறினார். நல்ல காலை வைத்து, தடியை வைத்து, கெட்ட காலை இழுத்து. மூன்றாவது மாடியில் லிஃப்டுக்குக் காத்திருந்த ஒரு பெண், “லிஃப்ட் ஓடுதே, ஏங்க இந்தக் காலோட நடக்கறீங்க?” என்றாள்.

“நீங்களும் இன்னிக்கு நடங்கம்மா.”

அவள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போனாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அது கீழே போய் நிற்கும் சத்தம் வரும்வரை திறக்கவில்லை.

உச்சியில், மோட்டார் அறைக்கு ஏழு படி வைத்த இரும்பு ஏணி. அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறப்போகிறார் என்றே நினைத்தேன். முதல் படியில் காலை வைத்தார், எடுத்துவிட்டார். பிறகு சாவிக்கொத்தை என்னிடம் நீட்டினார்.

“நீ ஏறு. செவப்பு ஸ்விட்ச். நான் சொல்றப்பதான் போடணும். அதுவரைக்கும் எதையும் தொடாத.”

உயரம் என்றால் எனக்கு ஆகாது. ஏறினேன். கீழே அவர் லிஃப்டின் கதவில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதை அழுத்தியிருந்தார்.

“ஆள் இருக்கு... இருக்கு... எறங்கிட்டாங்க. கதவு மூடிடுச்சு. காலியா வருது. நின்னுடுச்சு. இப்ப போடு!”

போட்டேன். சத்தம் அடங்கியது. டார்ச்சை அடித்து, அவர் சொன்னபடி மோட்டார் சக்கரத்தின் ஓரத்தில் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

“மாமா... மூணாவது கயித்துல கம்பி பிரிஞ்சு நிக்குது மாமா. முள்ளு முள்ளா. ஏழெட்டு இருக்கும்.”

எட்டிப் பார்த்தேன். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படம் எடுத்து ஒல்லிக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மேலே ஏறிப் பார்த்தார், இறங்கினார், மாமாவின் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“அந்தப் பெரிய பெட்டியிலயா கேட்டுச்சு?”

“இல்லடா. அத நிறுத்தினதும் கேட்டுச்சு.”

திரும்ப ஐந்து மாடியும் நடந்துதான் இறங்கினோம். லிஃப்டை நிறுத்தியவர் அவராயிற்றே.

திங்கட்கிழமை முதலாளியம்மா வந்து, ஒரு மாசக் கணக்கெல்லாம் வேண்டாம், இருங்கள் என்றார். பேரிங் உறுமலுக்கு இனி ஒல்லி ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்பது, மற்ற சத்தங்களுக்கு மாமா என்று ஏற்பாடு. மரப் பெட்டி இப்போது மேசைக்கு அடியில் இருக்கிறது, வயர் இல்லாமல். மாமா கெட்ட காலை அதன் மேல் நீட்டி வைத்துக்கொள்கிறார். பதினோரு நாள் தேடியது வீண் போகவில்லை, உயரம் கச்சிதம்.

அந்தத் திங்கட்கிழமை ராத்திரி அக்கா ஃபோன் செய்தாள். பின்னால் கைத்தடி ஊன்றும் சத்தம், கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வந்தது.

“வந்ததுலேருந்து நடந்துட்டே இருக்காருடா” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “ஒரு நிமிஷம்கூட உக்காரலடா.”